கோட்டைக்குத் தலை கொடுத்தவரின் பேரன்

கோட்டையின் கீழ்த்தளத்தில், ஆபத்து வந்தால் துரை தப்பித்துப் போவதற்காக வெட்டிய ரகசியச் சுரங்கம் இதுதான் என்று வழிகாட்டி கைகாட்டிய இடத்தில், என் மச்சான் குந்தி உட்கார்ந்து போத்தல் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். தண்ணீர் கொஞ்சமும் தயங்காமல் உள்ளே ஓடியது. அது போகும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு எழுந்தார். “தண்ணி ஓடுற வாட்டத்துல கட்டியிருக்கான் லா. இது சாக்கடை. அவ்வளவு பெரிய துரை எதுக்குச் சாக்கடை வழியா ஓடணும்?” என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை, கடையில் விலை விசாரிக்கிற குரல்தான். சுற்றுலா பஸ்ஸில் வந்திருந்த கூட்டம் அதற்குள் அந்தச் சுரங்கத்தின் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்து முடித்திருந்தது. வழிகாட்டி எங்களைப் பார்த்த பார்வையில், இரண்டு பேரையும் அந்தச் சாக்கடைக்குள் தள்ளிவிடலாமா என்கிற யோசனை தெரிந்தது.

அது எந்தக் கோட்டை, எந்தத் தோட்டம் என்று நான் எழுதப் போவதில்லை. ஈப்போவிலிருந்து காடியில், அதாவது காரில், போகிற தூரம்தான். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, செம்பனையும் போய்ப் பாதி இடத்தில் வீடமைப்பு வந்துவிட்டது. யார் பெயரையும் எழுதப் போவதில்லை. படிக்கிற நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்கு எப்படித் தெரியும்? எதையும் யாரையும் நம்பாதே என்பதைப் பல வருடம் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகியவன் நான். அந்தப் பழக்கம் லேசில் போகாது.

மச்சான் என் அக்காவின் கணவர். ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரி. எரிந்த கடைகளையும் நசுங்கிய காடிகளையும் போய்ப் பார்த்து, இது தானாக எரிந்ததா எரிக்கப்பட்டதா, மோதியதா மோதவைக்கப்பட்டதா என்று சொல்வது அவர் வேலை. கோரிக்கைக்கு எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வது கிளேம் என்றுதான். மச்சான் பார்வையில் உலகமே ஒரு கிளேம்தான். பசாரில் மீன்காரன் “புதுசு” என்றால் செவுளைத் திறந்து பார்ப்பார். திறந்து பார்த்தபிறகும் மீன்காரன் முகத்தைப் பார்ப்பார். எனக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணை நாங்கள் பார்த்தோம். பெண்ணின் அண்ணன் வேலை செய்கிற இடத்தை அவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: “கடைசியா பாத்தது யாரு?”

இப்படிப்பட்ட மனிதருக்குக் கோட்டை பார்ப்பதில் பைத்தியம். பங்கோர் தீவில் டச்சுக்காரன் கட்டிய சின்னக் கோட்டை, மலாக்கா, கெடாவில் ஆற்றுமுகத்துக் கோட்டை, ஒருமுறை தமிழ்நாட்டுக்கே போய்ப் பஸ் மாறி மாறிச் செஞ்சிவரை. எங்கே போனாலும் தனியாகத்தான். சுற்றுலாக் கூட்டத்தோடு போகமாட்டார். “அவங்க காட்டுறத பாக்குறதுக்கு நான் வீட்டுலயே டிவி பாப்பேன் லா. காட்டாதத பாக்கத்தான் போறது” என்பார். கோட்டையில் பீரங்கியைப் பார்க்கமாட்டார். கழிப்பறை எங்கே இருந்தது, சமையல்காரன் எந்த வழியாக வந்தான், ராணி என்று காட்டுகிற அறைக்கு ஏன் வெளியிலிருந்து தாழ்ப்பாள் என்று தேடுவார். கோட்டை கட்டியவன் செத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும்; மச்சானுக்கு அவன் இன்னமும் எதிரே உட்கார்ந்து பொய் சொல்லிக்கொண்டிருப்பான்.

சந்தேகக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டதாலோ என்னவோ, அக்காவுக்கும் அந்த நோய் தொற்றியது. ஒருநாள் என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு, காடியின் பின்சீட்டில் கிடந்தது என்று காய்ந்த மல்லிகைச் சரம் ஒன்றைக் காட்டினாள். “கோட்டை பாக்கப் போற மனுஷனுக்கு மல்லிப்பூ எதுக்குடா? எனக்கு வாங்கியாந்து எத்தன வருஷமாச்சு தெரியுமா?” என்றாள். அடுத்த ஞாயிறு முதல் எனக்கும் கோட்டை மேல் திடீர் ஆசை வந்துவிட்டதாக வீட்டில் முடிவு செய்யப்பட்டது. நான் காடி சாமான் கடையில் வேலை செய்துகொண்டிருந்த, கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றுவிட்ட ஆள். வேலிக்கு ஓணான் சாட்சி போலக் கிளம்பினேன். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். “உங்க அக்கா அனுப்பினாளா? சரி, ஏறு. பெல்ட் போடு” என்றார். அவரை வேவு பார்க்க நினைத்ததே முட்டாள்தனம்.

தண்ணீர் ஊற்றியது அந்த முதல் ஞாயிற்றில்தான். அதன்பிறகு மச்சான் முகப்பு மண்டபத்துக்கு வந்து, இடதுபக்க மூலைத் தூணுக்கு முன்னால் நின்றார். தூணின் அடியில் வாடிய எலுமிச்சம்பழங்களும் சூடம் எரிந்த கரியும் இருந்தன. மற்ற எல்லாச் சுவரையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தவர், அதை மட்டும் தட்டவில்லை.

அந்தத் தூணின் கதை எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பெரிய கட்டடமோ பாலமோ எழும்பினால் அது மனிதத் தலை கேட்கும் என்று தோட்டத்துச் சனம் நம்பியது. பாலம் கட்டுகிற காலத்தில் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். தலை வெட்டுகிறவன் சாக்கோடு அலைகிறான் என்பார்கள். துரை இந்தக் கோட்டையைக் கட்டும்போது சுவர் எழும்ப எழும்பச் சரிந்ததாம். அப்போது கல் சுமக்கப் போன ஒருவர் திரும்பி வரவில்லை. அவர் மச்சானுடைய அம்மாவின் அப்பா. நான் அத்தை என்று கூப்பிடும் மச்சானின் அம்மா அப்போது வயிற்றில் இருந்தார். அவருடைய அண்ணன் கைக்குழந்தை. அந்த மூலைத் தூணுக்கு அடியில்தான் தலை இருக்கிறது என்று தோட்டம் முடிவு செய்தது. அந்த வருடத்திலிருந்து தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முதல் மரியாதை தலை கொடுத்தவர் குடும்பத்துக்கு என்று ஆயிற்று. தலை கொடுத்த வீட்டு ஆம்பிளைக்குத் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டிய பிறகுதான் தேர் நகரும். கங்காணி வீடும் கணக்கெழுதும் கிராணி வீடும் அதற்குப் பிறகுதான்.

அத்தைக்கு அதைவிட்டால் வேறு சொத்து கிடையாது. அப்பன் முகம் பார்க்காத பிள்ளை, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர். ஆனாலும் லயத்து வீடுகளில் யாரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. அப்பன் விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கும் அப்பன் தலை கொடுத்த பிள்ளைக்கும் தோட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பரிவட்டம் அதுவரை அத்தையின் அண்ணனுக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பிள்ளையில்லாமல் இறந்து போனதால், வரப்போகும் திருவிழாவில் அது மச்சான் தலைக்கு வரவேண்டும். அத்தை அதற்குள் புதுச்சேலை எடுத்து வைத்துவிட்டார்.

தூணைப் பார்த்தபடியே மச்சான் கேட்டார்: “அன்னிக்குக் காலையில தாத்தா உடுக்கையையும் எடுத்துட்டுப் போனாருன்னு அம்மா பெருமையா சொல்லும், கேட்டிருக்கியா? கல்லு தூக்கப் போறவன் உடுக்கைய எதுக்கு மச்சான் எடுத்துட்டுப் போறான்?” அவருடைய தாத்தா உடுக்கை அடித்துச் சாமி அழைப்பவர் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் கோலா கங்சார் பக்கம் பழைய அரண்மனைகள், ஆற்றோரத்தில் இடிந்த துரை பங்களாக்கள் என்று அலைந்தோம். போகிற வழியில் பூக்கடையில் நிறுத்தி மல்லிகை வாங்குவார். பார்த்து முடித்ததும் பக்கத்துத் தோட்டத்தில் தமிழ்க் கோயில் இருந்தால் அங்கே போய்ப் பூவைக் கொடுத்துவிட்டுப் பூசாரி பாடுவதைக் கடைசிவரை கேட்பார். கை கூப்பமாட்டார், திருநீறு கொடுத்தால் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அக்காவிடம் வந்து, “பூவெல்லாம் கோயிலுக்குப் போகுது லா, பயப்படாதே” என்றேன். “சாமியே கும்பிடாத மனுஷன் கோயிலுக்குப் பூ வாங்குறாரா? உன்னையும் ஏமாத்துறாரு” என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது நியாயம்தான். எனக்கும் உள்ளுக்குள் அரிக்க ஆரம்பித்தது.

ஒரு ஞாயிறு காடி வடக்கே திரும்பி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டே இருந்தது. எங்கே என்று கேட்டேன். பாரிட் புந்தார் என்றார். பாரிட் புந்தாரில் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல்தான். அங்கே ஏது கோட்டை? மடியில் மல்லிகைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினேன். வாய்க்கால் ஓரத்தில் ஒரு வீட்டு முன்னால் நிறுத்தினார். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கதவைத் திறந்தாள். மச்சானைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. மச்சான் பொட்டலத்தை நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன், ஆனால் தலையைக் குனிந்துகொண்டது பிடித்தவன்தான். அவள் உள்ளே திரும்பி, “அப்பா, ஈப்போ அண்ணன் வந்திருக்காரு. பூசைக்குப் பூவெல்லாம் வாங்கியாந்திருக்காரு” என்றாள்.

உள்ளேயிருந்து வந்த கிழவரைப் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். அத்தை வேட்டி கட்டிக்கொண்டு வந்ததுபோல இருந்தார். அதே மூக்கு, அதே அகன்ற நெற்றி, கேள்வி கேட்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்க்கிற அதே வழக்கம். வீட்டை ஒட்டிய சின்னக் கோயிலுக்கு அவர்தான் பூசாரி. சுவரிலிருந்து உடுக்கையை எடுத்துச் சாமியை அழைக்க ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் குலசாமியை அழைக்கும்போது, கடல் தாண்டி வருவதற்கு முன்னால் அது இருந்த ஊர், மரம், கிணறு எல்லாவற்றையும் அடையாளம் சொல்லித்தான் அழைப்பார்கள். அது குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. வெளியார் வாயில் வராது. இரட்டைப் பனைக்கு நடுவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிற சாமி என்று கிழவர் அழைத்தார். அத்தை வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றி முணுமுணுப்பது அதே இரட்டைப் பனை, அதே தொங்கவிட்ட கால். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். உடுக்கையோடு ஓடிய மனிதன் எங்கே போனாலும் உடுக்கை அடித்துத்தான் பிழைத்திருப்பான், பிள்ளைக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பான் என்று கணக்குப் போட்டுத்தான் கோயில் கோயிலாகப் பூவோடு அலைந்திருக்கிறார்.

பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது மச்சான், போன தரம் தனியாக வந்தபோது கேட்ட கதையை இந்தத் தம்பிக்கும் ஒருதரம் சொல்லுங்களேன் என்று கேட்டார். கிழவர் சிரித்தார். “எங்கப்பாவா? பயந்தாங்கொள்ளி தம்பி. ஈப்போ பக்கம் ஒரு தொரை கோட்ட கட்டினானாம். சொவரு நிக்கலையாம், தலை வேணும்னு பேசிக்கிட்டாங்களாம். வேலை வாங்குற மண்டோரு இவரையே ரெண்டு தரம் உத்துப் பாத்தானாம். அவ்வளவுதான், உடுக்கைய எடுத்துக்கிட்டு ஓடியே வந்துட்டாரு. சாகுற வரைக்கும் பெரிய கட்டடம் பக்கமே போகமாட்டாரு லா.” அங்கே அவருக்குக் குடும்பம் இருந்ததா என்று மச்சான் கேட்டார். “இருந்துச்சாம். எல்லாம் சீக்குல போயிட்டாங்கன்னு சொல்லுவாரு” என்றார் கிழவர். அந்தப் பெண் இரண்டாம் தரம் கோப்பி ஊற்றினாள். முறைப்படி பார்த்தால் அவள் மச்சானுக்கு மாமன் மகள். அண்ணே அண்ணே என்று அவள் கூப்பிடுவதைக் கேட்டு, எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. மச்சான் தான் யார் என்று அவர்களிடம் சொல்லவேயில்லை. கிளம்பும்போது அவள் புது அரிசி ஒரு மூட்டை கட்டிக் காடியில் ஏற்றிவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் மச்சான், “சீக்குல போயிட்டாங்கன்னு யாரோ சொல்லி அவரு நம்பினாரா, இல்ல அவரா சொன்னாரா? தெரியாது. கேக்க ஆளில்ல” என்றார். பிறகு, “இது பொய் கிளேம் மச்சான். இத்தன வருஷமா பாஸ் ஆகிட்டே இருக்கு. எத்தன பேரு கிளேம நான் கிழிச்சுப் போட்டிருக்கேன். இதுக்கு எப்படித் தலைய நீட்டுறது?” என்றார். நீட்டாவிட்டால் ஏன் என்று ஊர் கேட்கும். சொன்னால், தொண்ணூறை நெருங்கும் வயதில் அத்தை ஒரே நாளில் ஓடிப்போனவன் மகளாகிவிடுவார். அந்தக் காடிக்குள் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. திருவிழா அன்று கெடா கோட்டைக்குப் போய்விடப் போவதாகச் சொன்னார். அம்மா இருக்கும்வரை யாரிடமும், குறிப்பாக அக்காவிடம், மூச்சு விடக்கூடாது என்றும் சொன்னார்.

கெடாவுக்குப் போகவில்லை, திருவிழாவுக்கு வந்தார். சட்டையைக் கழற்றிவிட்டுக் கோயில் தூண் ஓரமாகப் பின்னால் நின்றார். அத்தை புதுச்சேலையில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தை விட்டு எங்கெங்கோ போய்விட்ட பெண்களெல்லாம், தஞ்சோங் மாலிம் காடி ஃபேக்டரியில் வேலை செய்கிறவள்வரை, பிள்ளைகளைக் கூட்டிவந்து அத்தை கையால் குங்குமம் வைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவி, “உங்கப்பா தலையிலதானே இந்தச் சனமே நிக்குது” என்றாள். அத்தை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பூசாரி பரிவட்டத்தைத் தட்டில் ஏந்திக் குரல் கொடுத்தார். மச்சான் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் குரல் வந்தபோது போய்க் குனிந்தார்.

அதோடு நிற்கவில்லை. தேர் நகர்ந்ததும், பரிவட்டத்தைத் தலையிலிருந்து அவிழ்க்காமலே நேராகக் கோட்டைக்கு நடந்தார். சாக்கடைச் சுரங்கத்து வழிகாட்டி மச்சானைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மச்சான் அவரைத் தூணருகே கூட்டிப்போய், தலை கொடுத்தவரை அவருடைய உடுக்கையோடு சேர்த்துத்தான் புதைத்தார்கள், அவர் உடுக்கைக்காரர், இதையும் சொல்லுங்கள் என்றார். வழிகாட்டி சந்தேகமாகப் பார்த்தார். “நான் அவரோட பேரன். என்னைவிட யாருக்குத் தெரியும்?” என்றார் மச்சான். திரும்பி வரும்போது என்னிடம், “அந்த உடுக்கை ஓட்டைய விட்டா என்னைக்காவது என்னைமாரி ஒருத்தன் வந்து பிடிச்சிடுவான் லா” என்றார். பிறர் பொய்யைத் தோண்டியே வாழ்ந்த மனிதர், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவர் மேல் அன்றைக்கு வந்த மரியாதை வேறு எதற்கும் வந்ததில்லை.

அதற்கு விலை கொடுத்தது வீட்டில். அரிசி மூட்டையை முகர்ந்து பார்த்தே அக்கா பாரிட் புந்தாரைக் கண்டுபிடித்திருந்தாள். “அங்க ஏதுடா கோட்ட?” என்று என்னைக் கேட்டாள். நான் விழித்தேன். அரிசியை ஒருமணிகூட உலையில் போடாமல் அடுத்த வீட்டுக் கோழிகளுக்கு இறைத்தாள். மச்சான் வருடத்துக்கு இரண்டு தரமாவது பூவோடு பாரிட் புந்தார் போய்வந்தார். எதற்கு என்று அவள் கேட்டால், “நீ எப்படி வேணும்னாலும் நெனச்சுக்கோ” என்பார். அவள் எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொண்டாள். கடைசி வருடங்களில் இரண்டு பேரும் சாப்பாட்டுக்கு மட்டும்தான் பேசிக்கொண்டார்கள். மச்சான் இறந்தபோது அந்தப் பெண் வந்து வாசலில் நின்று, அண்ணே அண்ணே என்று அழுதாள். அக்கா அவளை உள்ளே கூப்பிடவில்லை. நான் வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். அத்தை உயிரோடு இருந்தார். மகன் போன பிறகும் இருந்து, பேரன் தலையில் பரிவட்டம் ஏறுவதையும் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

அத்தை இல்லாத முதல் திருவிழா இந்த வருடம். அக்கா மகனுக்குப் பட்டுக் கட்டித் தேர் நகர்ந்ததும், அக்காவும் நானும் கோட்டைக்கு நடந்தோம். இப்போது அங்கே கோப்பிக் கடை இருக்கிறது, சுரங்கத்துக்குக் கண்ணாடி மூடி போட்டு விளக்குக்கூட வைத்துவிட்டார்கள். அக்கா தூணருகே நின்று, “அந்த மனுஷன் போயிட்டாரு, அத்தையும் போயிட்டாங்க. இப்பவாவது சொல்லு. அந்தப் பாரிட் புந்தார்க்காரி யாரு?” என்றாள். சொன்னேன். உடுக்கையிலிருந்து கோழிக்குப் போன அரிசிவரை எல்லாம் சொன்னேன்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா, அத்தையோட சண்ட வர்ற அன்னிக்கு நீ சொல்லிக்காட்டியிருப்பே.”

மறுப்பாள் என்று நினைத்தேன். “சொல்லித்தான் இருப்பேன்” என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “செத்த வீட்டுக்கு வந்த பொண்ணுடா அது. ஒரு வாய் தண்ணி குடுக்கல நான்.”

அதற்குள் ஒரு கூட்டத்தோடு புது வழிகாட்டி வந்துவிட்டாள். சரியும் சுவர், தலை, மூலைத் தூண், கூடப் புதைத்த உடுக்கை என்று வரிசை பிசகாமல் சொன்னாள். கூட்டத்தில் ஒருத்தி மட்டும் முகத்தைச் சுளித்து, இதெல்லாம் டிக்கெட் விற்கக் கட்டிய கதை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நெற்றியில் குங்குமத்தோடு நின்ற அக்காவைப் பார்த்து, “உண்மையா ஆண்ட்டி?” என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை.

“உண்மைதான் லா. எங்க வீட்டுக்காரரோட தாத்தா. உடுக்கையோடதான் புதைச்சாங்க” என்றாள்.